முளைக்கும் முன்பே கொடுத்தது

இளையான்குடி மாற நாயனாரின் கதையைக் கேட்டதும் எங்கள் தோட்டச் சங்கத்து ஜமேக்கா அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அப்போ அடுத்த போகத்துக்கு அவர்கள் எதை விதைத்தார்கள்?" பெரிய புராணத்தைக் கோயில் மண்டபங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். பகலில் விதைத்த நெல்லை இரவு மழையில் வாரி வந்து, விறகில்லாமல் கூரைக் கம்பை அறுத்து எரித்து, வந்த அடியாருக்குச் சோறிட்ட அந்தத் தம்பதியை நினைத்து உருகிப் பேசியவர்கள் ஏராளம். விதைநெல் போனதே என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. மண்ணில் கை வைக்கிறவருக்குத்தான் அது முதலில் உறைக்கும்.

கதையில் சிவபெருமான் தோன்றி இருவருக்கும் பெருவாழ்வு தருகிறார். அடுத்த போகம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. எங்களுக்கு அடுத்த போகம் உண்டு. ஆகவே கொடை என்பது எப்போது தொடங்குகிறது என்ற கேள்வியும் உண்டு. கையில் இருப்பதை எடுத்து நீட்டும்போதா, இன்னும் ஒன்றும் இல்லாதபோதே இது உனக்கு என்று மனத்தில் எழுதி வைக்கும்போதா?

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் எங்கள் தோட்டம். நிலம் எங்களுடையதல்ல, ஆளுக்கொரு பாத்தி, வருடத்துக்கொரு கட்டணம். மார்ச்சில் வெளியே பனி கிடக்க, வீட்டுக்குள் கத்தரியும் மிளகாயும் விதைத்துவிடுவோம். நடுவதற்கு எட்டுப் பத்து வாரத்துக்கு முன்பே தொடங்காவிட்டால் இந்த ஊர்க் கோடையில் அவை காய்க்காது. சூடு வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் விதைத் தட்டுக்கு இடம் குளிர்சாதனப் பெட்டியின் உச்சி. நாற்றை மே மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்கி, விக்ரோறியா நாள் விடுமுறையை ஒட்டி மண்ணில் வைப்போம். அதற்கு முன் வைத்தால் ஓர் இரவு உறைபனி எல்லாவற்றையும் கருக்கிவிடும்.

எல்லாரும் எல்லாம் முளைக்க வைப்பதில்லை. தக்காளி நாற்று ஒருவர் பொறுப்பு, கத்தரி என் மனைவி பொறுப்பு. ஜமேக்கா அம்மா கலலூ விதை தருவார்; அது நம் முளைக்கீரையின் இனம்தான். கயானாக்காரர் ஒருவர் பயற்றங்காய் விதையை வருடா வருடம் காயவைத்துக் கொண்டுவருவார். எங்கள் உறவு முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நிற்கிறது. பொது மொழி எங்களுக்கு அரைகுறை, பொது மதம் அறவே இல்லை.

இவற்றோடு பங்குனிக் கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுப்போம்: இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிக்கென்று எந்தப் பயிரை ஒரு வரிசை நடுவது? கனடாவில் இந்த வழக்கம் 1986இல் வினிப்பெக்கில் ஒரு தம்பதி தங்கள் தோட்டத்தில் மிஞ்சிய உருளைக்கிழங்கை அங்குள்ள உணவு வங்கிக்குக் கொடுத்ததில் தொடங்கியது. மிச்சத்தில் தொடங்கியது, பிறகு முன்கூட்டியே ஒரு வரிசை நடுவதாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். ஆவணியில் சுரைக்காய் மலிந்து கிடக்கும்போது கொடுப்பதற்குப் பெரிய மனம் வேண்டாம். வாங்க ஆள் கிடைத்தாலே போதும். பங்குனியில் கொடுப்பது வேறு. அப்போது நம்மிடம் இருப்பது விதையும் நம்பிக்கையும் மட்டும். யாழ்ப்பாணத்தில் என் அம்மா உலையில் போடுமுன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்துக் கொடுப்பதற்கென்று தனியே வைப்பா. சோறு மிஞ்சிய பிறகு கொடுப்பதற்கு அவ பிடியரிசி என்ற பெயரைத் தரவே மாட்டா.

இப்படி முன்பே ஒதுக்கி வைப்பது யூதர்களின் வேதத்திலும் உண்டு. லேவியராகமத்தில், வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அதற்கு அளவும் சொல்கிறது: அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. அதைவிட எனக்குப் பிடித்தது, அந்த ஓரத்தை வயல்காரன் தனக்கு வேண்டிய ஏழைக்கென்று பார்த்துக் கொடுக்க முடியாது என்ற விதி. ஏழைகளே வந்து எடுத்துக்கொள்வார்கள். அங்கே வயல்காரன் கொடையாளி என்ற பெருமைகூட இல்லாமல் விலகி நிற்கிறான். மாறனார் அடியாரின் நனைந்த முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். எங்கள் வரிசையைத் தின்னப்போகிறவரின் முகம் எங்களுக்குத் தெரியாது. அன்பில் மாறனாரை நெருங்க நமக்கு ஏலாது. ஆனாலும் முகம் தெரியாமல் கொடுப்பதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, நன்றியின் இனிப்புக்கூட அதில் கிடைப்பதில்லை.

2020 வசந்தத்தில் இந்தக் கொடை இன்னும் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டில் ஒன்ராறியோ மாகாணம் மார்ச் முடிவில் சமூகத் தோட்டங்களையும் மூடியது. வீட்டு ஜன்னல்களில் நாற்று நீண்டுகொண்டிருந்தது, தோட்டக் கதவில் பூட்டு. வயதானவர்கள் பலர் வெளியே காலடி வைக்கவில்லை. நாற்றுத் தட்டை வாசலில் வைத்து, மணி அடித்து, தள்ளி நின்று கையசைத்துவிட்டுப் போனோம். நாள்தோறும் வாட்ஸ்அப்பில் யார் வீட்டு மிளகாய் இரண்டாம் இலை விட்டது என்ற செய்தி. அப்படி ஒரு நாளில் கயானாக்காரர் தொலைபேசியில் கேட்டார்: "உணவு வங்கி வரிசைக்கு இந்த முறை எது?" தோட்டம் திறக்குமோ என்றே தெரியாத நேரம்! தக்காளி என்று முடிவு செய்தோம். ஏப்ரல் 25ஆம் தேதி மாகாணம் தோட்டங்களைத் திறக்க அனுமதி தந்தது. அனுமதி வராமல் போயிருந்தாலும் அந்தக் கொடை நடந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறொரு வருடம் கோடை முடிவில் தக்காளிக்குக் கருகல் நோய் வந்தது. பலருடைய பாத்திகள் கறுத்துப் போயின. உணவு வங்கி வரிசை மட்டும் ஓரளவு தப்பியது. அதில் கொஞ்சம் பறித்துப் பாத்தி அழிந்தவர்களுக்குப் பகிரலாமே என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் சுயநலக்காரர் அல்ல, பக்கத்துப் பாத்திக்காரருக்காகவே கேட்டார். பாத்தி முழுக்க இழந்த எங்கள் ஊர் அக்கா ஒருவர்தான் பதில் சொன்னார்: "அது எங்கடை இல்லைத் தம்பி. பங்குனியிலேயே குடுத்தாச்சு." பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் தப்பிய பாத்திக்காரர்கள் தங்கள் பழத்தில் அவருக்குப் பங்கு கொண்டுவந்தார்கள்.

இந்த மார்ச்சில் விதைத் தட்டு எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பகுதி உணவு வங்கியை இப்போதே அழைத்து, பச்சைக் காய்கறி எந்த நாளில் வாங்குவார்கள், எது அவர்களுக்கு அதிகம் வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அதற்கென்று ஒரு தட்டு தனியே விதைத்து, அது யாருக்கு என்று தட்டிலேயே எழுதி வையுங்கள்.