கருணைத் தொகை

பிறமொழித் தொடர் ஒன்றைக் கையாளும்போது இரண்டு விதமான சரியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று இலக்கணத்தின் சரி. மற்றது மனச்சாட்சியின் சரி. முதலாவதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவதை வாழ்க்கைதான் சொல்லித் தர வேண்டும். ஆங்கிலம் லத்தீனிடமிருந்து கடன் வாங்கி, நாம் ஆங்கிலத்திடமிருந்து கடன் வாங்கிய 'எக்ஸ் கிரேஷியா' என்ற தொடர் இதற்கு நல்ல உதாரணம்.

அந்தத் தொடரைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவன் ஒரு தொழிலாளி. பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கு அருகே ஒரு டீக்கடையில் அவனைச் சந்தித்தேன். பிரஸ் மெஷினில் வலக்கை விரல்கள் இரண்டைப் பறிகொடுத்தவன். எங்கே வேலை செய்தான் என்பது இங்கே முக்கியமில்லை. அவனிடம் ஆங்கிலத்தில் அடித்த ஒரு காகிதம் இருந்தது. எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், எக்ஸ் கிரேஷியாவாக ஒரு தொகை தருவதாகவும், அத்துடன் கணக்குத் தீர்ந்ததாகவும் அதில் கண்டிருந்தது.

"எக்ஸ் என்றால் முன்னாள்தானே சார்? எக்ஸ் எம்.எல்.ஏ., எக்ஸ் மிலிட்டரி மாதிரி?" என்று கேட்டான்.

அவன் கணக்குப்படி அது 'முன்னாள் கருணை' ஆகிறது. சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை.

லத்தீனில் 'எக்ஸ்' என்பதற்கு இங்கே 'இருந்து', 'காரணமாக' என்று பொருள். 'கிரேஷியா' என்றால் தயவு, கருணை. நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு ஏதுப் பொருள் என்று ஒன்று உண்டல்லவா? கிட்டத்தட்ட அதுதான். கருணையின் காரணமாகக் கொடுப்பது. கடமையின் காரணமாக அல்ல. இந்த 'அல்ல' என்பதில்தான் தொடரின் உயிர் இருக்கிறது. கடமையாகக் கொடுக்க வேண்டியதை இந்தப் பெயரால் கொடுத்தால், லத்தீன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரயோகம் தவறு.

கருணைக்கும் கடமைக்கும் உள்ள எல்லைக்கோடு நகரக்கூடியது. போனஸ் என்பதும் லத்தீன் சொல்தான். 'நல்லது' என்று பொருள். 1917-ல் யுத்தகால விலைவாசியை முன்னிட்டுப் பம்பாய்ப் பஞ்சாலைகள் கூலிக்கு மேல் ஒரு தொகை கொடுத்தன. 1923-ஆம் ஆண்டுக்கு அது கிடையாது என்றதும், 1924-ல் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி நார்மன் மாக்லியாட் தலைமையில் அமைந்த குழு, போனஸ் கேட்கத் தொழிலாளருக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்றது. அன்று அது கருணை. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது, கருணை கடமையாயிற்று. கிராஜுவிட்டியும் அப்படித்தான். அந்தப் பெயருக்குள்ளும் அதே 'கிரேஷியா'வின் வேர் இருக்கிறது. தமிழில் நாமும் 'பணிக்கொடை' என்கிறோம். ஆனால் 1972-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அது கொடை அல்ல, கடன். சட்டங்களைப் பின்னால் மாற்றித் தொகுத்தாலும் அந்த உரிமை உரிமையாகவே நின்றது.

சரியான பிரயோகத்துக்கும் உதாரணம் உண்டு. 2023, 2024 தீபாவளிகளில் தமிழக அரசு தன் பொதுத்துறை நிறுவனத் தொழிலாளருக்கு 8.33 சதவிகிதம் போனஸ், 11.67 சதவிகிதம் கருணைத் தொகை, ஆக 20 சதவிகிதம் என்று அறிவித்தது. சட்டம் கட்டாயமாக்கிய குறைந்த அளவுக்கு ஒரு பெயர். அதற்கு மேல் மனமுவந்து தருவதற்கு வேறு பெயர். கணக்கும் சுத்தம், சொல்லும் சுத்தம்.

இன்னொன்று வேடிக்கையானது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், உயிரிழப்புக்கு எக்ஸ் கிரேஷியா உதவி பற்றிப் பேசுகிறது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது உண்டா என்ற வழக்கில், அதற்கு வழி வகுப்பது அதிகாரிகளின் இஷ்டம் அல்ல, கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. பிறகு 50,000 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. கட்டாயமான கருணை! லத்தீன் வாத்தியார் நெற்றியைச் சுளிப்பார். ஆனால் கணவனை இழந்த பெண் அந்தப் பணத்தை யாரிடமும் கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை. சொல் இடறினாலும் நியாயம் நிமிர்ந்து நின்றது.

இருங்காட்டுக்கோட்டைக் காகிதத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே சொல் நிமிர்ந்து நின்றது, நியாயம் இடறியது. வேலையின்போது நேர்ந்த ஊனத்துக்கு ஈடு பெறுவதை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. 1948-ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதைத் தன் வழியில் உறுதி செய்தது. ஆனால் தன் விரல்களுக்கான விலையைத் தானமாக எண்ணி, அவன் நன்றி சொல்லிக் கையெழுத்திட வேண்டுமாம்.

முதலாளிக்காகப் பேசும் வக்கீல் ஒருவர் கேட்கலாம்: "பொறுப்பை ஏற்காமல் கொடுக்கிறேன் என்று எழுத இடமில்லையென்றால், சந்தேகமான சமயங்களில் யார் கொடுக்க முன்வருவார்?" நியாயமான கேள்விதான். பொறுப்பு உண்மையிலேயே சந்தேகமாக இருந்து, அப்படியும் இரங்கிக் கொடுக்கிறவர் அந்தத் தொடரை எழுதட்டும், அது உண்மை. பட்ட கடன் என்று தெரிந்தே கருணை என்று எழுதினால் அது பொய். இலக்கண சுத்தமான பொய் என்பதால் அதன் பாவம் குறைந்துவிடாது.

கருணையைப் பற்றி அந்த மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் அங்கிருந்து சில மைல் தூரம்தான். குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல ஜீவன் பகவானைப் பற்ற வேண்டுமா, பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோல அவனே எடுத்துக்கொள்வானா என்று அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். ஆனால் பகவான் நமக்குக் கடன்பட்டவன் என்று இரு சாராரும் சொல்லவில்லை. எதற்கும் கடன்படாதவன் கொடுப்பதே கருணை. கடன்பட்ட மனிதன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால், கடவுளின் இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறான்.

அதே ராமானுஜர், ரகசியமாகக் காக்கச் சொன்ன மந்திரத்தின் பொருளைத் திருக்கோட்டியூரில் ஊரறியச் சொன்னார் என்பது வைணவ வரலாறு. லத்தீன் தொடர்களுக்கும் அப்படி யாராவது வேண்டும். கையெழுத்துக் கேட்கிறவர் முதலில் அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்லட்டும். எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்து, "இது உனக்குச் சேர வேண்டியதல்ல, நான் இரங்கித் தருகிறேன்" என்று கூசாமல் சொல்ல முடிந்தால், அந்தத் தொடரைத் தாராளமாகப் பிரயோகிக்கலாம்.