குடுவையை வெளிச்சத்தில் பிடிப்பவர்கள்

டச்சு ஓவியர் யான் ஸ்டேன் (1626–1679), நோயுற்ற இளம்பெண்ணை வைத்தியர் பார்க்க வரும் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வசதியான வீட்டின் அறை. தலையணையில் துவண்டு சாய்ந்திருக்கும் பெண். அவள் மணிக்கட்டில் நாடி பார்க்கும் வைத்தியர். ஒரு படத்தில் சிறுநீர்க் குடுவை, இன்னொன்றில் க்யூபிட் சிலை. தரையில் தணல் சட்டி, அதில் கருகும் நாடா. அந்த நாற்றம் மயங்கியவளை எழுப்பும், நிலைகுலைந்த கருப்பையை அடக்கும் என்று நம்பினார்கள். பெண்ணின் நோய்க்கெல்லாம் கருப்பையே காரணம் என்பது கிரேக்க மருத்துவம் விட்டுச்சென்ற எண்ணம். ஹிஸ்டீரியா என்ற சொல்லின் வேரே கருப்பைதான். கன்னிப்பெண்ணுக்கு அது வந்தால் என்ன மருந்து? கல்யாணம்.

ஸ்டேன் கேலி செய்வது வைத்தியரைத்தான் என்பார்கள். உண்மைதான். சிறுநீரை மட்டும் பார்த்து நோயைச் சொல்பவர்களைப் படித்த மருத்துவர்களே அன்று போலிகள் என்று இகழ்ந்தார்கள். ஆனால் நாம் எதற்காகச் சிரிக்கிறோம்? நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பதற்காக. இவளுக்குக் காதல், க்யூபிட் நம்மிடம் சொல்லிவிட்டான். வைத்தியரின் நாற்காலியில் இப்போது நாம்.

மியூனிக்கின் ஆல்டே பினகொதெக்கில் உள்ள படத்தில் அவள் கையில் ஒரு தாள் இருக்கிறது. இது காதல் நோய், மருந்து பலிக்காது என்று அதில் எதுகையோடு எழுதியிருக்கிறது. அறையில் உள்ள எல்லாப் பொருளும் அவளைப் பற்றிப் பேசுகின்றன. அவளுடையது என்று இருக்கும் ஒரே வாக்கியமும் ஓவியர் எழுதிக் கொடுத்தது.

லாரிண்டா டிக்சன் 1995இல் வெளியிட்ட நூலில், இவை வெறும் நகைச்சுவை அல்ல, அக்கால மருத்துவர்கள் மெய்யாகவே நம்பிய ஒரு நோயின் சித்திரங்கள் என்று வாதிட்டார். அதைப் படித்தபின் எளிதாகச் சிரிக்க முடியவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். ஹாலந்தின் சதுப்புநிலங்களில் அன்று மலேரியா சாதாரணம். ரத்தசோகை, காசநோய், வெறும் களைப்பு, எதுவும் இருந்திருக்கலாம். நாடாவையும் குடுவையையும் சரியாக வாசித்துவிட்டால் அவளை வாசித்துவிட்டதாக ஆகுமா? குறியீடுகளை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில். வகுப்பில் இந்தப் படத்தைத் திரையில் காட்டும்போதெல்லாம் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

அவள் கற்பனைப் பெண், அவளிடம் நாம் கேட்கத் தவறிய பதில் ஏதும் இல்லை என்று ஒரு மாணவி சொன்னாள். சரிதான். ஆனால் இத்தகைய படங்கள் வீடுகளில் மாட்டுவதற்காகவே வரையப்பட்டவை. அந்த வீட்டு மகள் ஒரு காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் அவளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்துப் புன்னகைத்திருப்பார்கள்.