மொழிபெயர்ப்பின் கூலி

அமெரிக்கர்கள் மெட்ரிக் அளவைக்கு மாற மறுத்துவிட்டார்கள் என்பது நம்மிடையே சாதாரணமாகச் சொல்லப்படும் விஷயம். வல்லரசின் திமிர் என்று ஒரு சாராரும், மரபின் மேல் கொண்ட பிடிப்பு என்று இன்னொரு சாராரும் இதற்கு அர்த்தம் கற்பிக்கிறார்கள். இரண்டுமே ஒரு அமெரிக்கக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்காத பேச்சு. (நானும் திறந்ததில்லை. படித்துத் தெரிந்துகொண்டதுதான்.)

உள்ளே இருப்பது மில்லிமீட்டர். 1970களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய வடிவமைப்புகளை மெட்ரிக்கில் போட ஆரம்பித்துவிட்டது. ஃபோர்ட் தன் பின்டோ காருக்கு 1974இல் கொண்டுவந்த 2.3 லிட்டர் எஞ்சினும் மெட்ரிக்கில் பிறந்ததுதான். இன்று டெட்ராய்ட் கார் ஒன்றின் போல்ட்டுகள் மில்லிமீட்டரில், எஞ்சினின் கொள்ளளவு லிட்டரில். ஓட்டுகிறவன் கண்ணுக்கு எதிரே உள்ள ஸ்பீடாமீட்டரில் மட்டும் மைல். கிலோமீட்டர் இருந்தால் உள்வட்டத்தில், சிறிய எழுத்தில், ஒண்டுக்குடித்தனம் மாதிரி. டயர் இன்னும் விசேஷம். 225/60 ஆர் 16 என்று அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தால், அகலம் மில்லிமீட்டர், நடுவில் இருப்பது சதவீதம், சக்கரத்தின் விட்டம் அங்குலம். புகையை அளக்கும் அரசு விதியோ மைலுக்கு இத்தனை கிராம் என்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி.

ஜனங்களுக்கு லிட்டர் பிடிபடாது என்ற வாதமும் நிற்காது. 1960களில் அங்கே எஞ்சினின் கன அங்குல எண்தான் வாலிபர்களின் பெருமை. அந்தக் காலத்து 302 கன அங்குல எஞ்சின் ஒன்று 1980களின் மஸ்டாங்கில் ‘5.0’ என்ற லிட்டர் எண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தது. உண்மையில் அது 4.94 லிட்டர், ஐந்தாக உயர்த்திவிட்டார்கள். அந்நிய அளவு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. காரின் பக்கவாட்டில் அதையே பெருமையாக ஒட்டிக்கொண்டார்கள். பெப்ஸி 1970லிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலில் விற்கிறது. துப்பாக்கி ஒன்பது மில்லிமீட்டர். ஆசைப்படும் இடத்தில் மனிதனுக்கு எந்த அளவும் கைவந்துவிடும் போலிருக்கிறது.

அடியும் அங்குலமும் மனித உடம்பிலிருந்து பிறந்தவை, மீட்டரோ பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கோடியாகப் பங்கிட்டு பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் செய்த அருவமான சரக்கு என்று ஒரு கட்சி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மெண்டன்ஹால் என்ற அதிகாரி 1893இல் போட்ட உத்தரவுக்குப் பிறகு அமெரிக்க கெஜத்துக்கும் பவுண்டுக்கும் சொந்த மூலமே கிடையாது. மீட்டரையும் கிலோவையும் வைத்தே அவை வரையறுக்கப்பட்டன. 1959இல் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஆயிற்று. ஆகவே அமெரிக்கன் அங்குலம் என்று சொல்லும்போதெல்லாம் மில்லிமீட்டரைத்தான் வேறு பெயரில் சொல்கிறான். இந்த அளவைகளை இம்பீரியல் என்று அழைப்பதும் தவறு. இம்பீரியல் காலன் பிரிட்டனில் 1824இல் வந்தது. அமெரிக்கக் காலன் அதற்கு முந்தைய, ஆன் அரசி காலத்து ஒயின் காலன். 231 கன அங்குலம். பிரிட்டனையே உதறிவிட்டு வந்தவர்கள் அதன் ஒயின் பாத்திரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் கட்சியின் பேச்சில் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறது. ஆறடி ஆள் என்றால் கண்முன் ஒருவன் வந்து நிற்கிறான்; 183 சென்டிமீட்டரில் யாரும் வருவதில்லை. ஒரு சொல்லைப் போலவே அளவும் அனுபவத்தில் ஊறித்தான் அர்த்தம் பெறுகிறது. பத்தால் வகுபடுவது போதும் என்கிற அறிவுவாதிக்கு இது புரிவதில்லை. நம் நாட்டில் 1956இன் சட்டத்தால் வீசையும் சேரும் போய்க் கிலோ வந்தது. ஆளின் உயரத்தை இன்றைக்கும் அடியில்தான் சொல்கிறோம்.

அளவு ஒரு மொழி என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வியைத் தவிர்க்க முடியாது. இரண்டு மொழிகள் புழங்கும் இடத்தில் மொழிபெயர்ப்பவன் யார்? அவனுக்குக் கூலி தருவது யார்? 1975 டிசம்பரில் ஃபோர்ட் ஜனாதிபதி கையெழுத்திட்ட மெட்ரிக் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர் மாறலாம். அதற்கென அமைத்த வாரியத்தையும் 1982இல் ரீகன் கலைத்தார். இதைச் சுதந்திரம் என்றுதான் அங்கே சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முடிவெடுக்காமல் இருப்பதன் செலவு யாரோ ஒருவன் தலையில் விழுந்துகொண்டேயிருக்கிறது; அவன் யாரென்று பார்க்காமல் இருக்கும் சௌகரியம்தான் இங்கே சுதந்திரம் என்ற பெயரில் உலவுகிறது.

முதலில் மெக்கானிக். பழையதும் புதியதும் கலந்து வந்த வருஷங்களில் ஒரே காரில் அங்குல போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் இருந்தன. அவனுக்கு இரண்டு செட் ஸ்பானர் வேண்டும். அங்கே பெரும்பாலும் தொழிலாளியே தன் காசில்தான் கருவிகளை வாங்குகிறான். முக்கால் அங்குலமும் 19 மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றுக்கு மற்றது உதவும். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அதில் 13ஐப் போட்டாலும் பிடிப்பதுபோல்தான் தோன்றும். துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்துத் திருகும்போது தலையின் ஆறு முனையும் மழுங்கி வழுக்கிவிடும். அப்புறம் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையும் கிழியும். மைல் கணக்கில் நிம்மதியாக ஓட்டிப் போகிறவனுக்கு இந்த மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது ராத்திரியில் ஜுரக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய். மாத்திரை மில்லிகிராமில் இருக்கிறது. திரவ மருந்து டீஸ்பூனில். டீஸ்பூன் ஐந்து மில்லிலிட்டர், டேபிள்ஸ்பூன் பதினைந்து. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இரண்டுக்கும் ஒரேயொரு எழுத்து வித்தியாசம். அரைத்தூக்கத்தில் மாற்றிப் படித்தால் மருந்து மூன்று மடங்கு. சமையலறைக் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறு. திரவ மருந்தை மில்லிலிட்டரில் மட்டுமே சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடெமி 2015இல் பரிந்துரை செய்தது. டீஸ்பூன் என்ற வீட்டுச் சொல்லின் கதகதப்பு அதுவரை யாருக்குப் பயன்பட்டது?

இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் 1999இல் செவ்வாயில் தொலைந்த விண்கலத்தைச் சொல்வார்கள். ஒரு தரப்பு பவுண்டில் தந்த விசைக் கணக்கை இன்னொரு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதற்கு விசாரணைக் குழு இருந்தது, அறிக்கை இருந்தது. மழுங்கிய போல்ட்டுக்கு அறிக்கை கிடையாது.

அளவு நம் பார்வையையும் வளைக்கிறது. காலனுக்கு எத்தனை மைல் என்பது அமெரிக்கக் கணக்கு. பத்து மைல் வண்டியை இருபது மைல் வண்டியாக்குவதைவிட, இருபத்தைந்தை ஐம்பதாக்குவது பெரிய சாதனையாகத் தோன்றும். நூறு மைல் ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் பத்து காலன் ஐந்தாகிறது. இரண்டாவதில் நான்கு, இரண்டாகிறது. மிச்சம் எதில் அதிகம்? தூரத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்று திருப்பிக் கேட்கும் ஐரோப்பியக் கணக்கில் இந்தப் பிரமை எழாது. லாரிக், சோல் என்ற இருவர் 2008இல் இதை விளக்கி எழுதினார்கள். 2013ஆம் வருஷ மாடல்களிலிருந்து காரில் ஒட்டும் சீட்டில் நூறு மைலுக்கு எத்தனை காலன் என்பதும் சேர்ந்திருக்கிறது. மைலும் காலனும் அப்படியே இருக்கின்றன, திரும்பியது கேள்விதான். மெட்ரிக் பக்தர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சாலைப் பலகைகளை மாற்றும் யோசனை 1977இல் வந்து, ஜனங்களின் எதிர்ப்புக் கடிதங்களோடு முடிந்துபோயிற்று. அரிசோனாவில் டூஸானிலிருந்து மெக்ஸிக எல்லையிலுள்ள நொகாலஸ் வரை போகும் 19ஆம் எண் நெடுஞ்சாலையில் மட்டும் தூரம் கிலோமீட்டரில் எழுதியிருக்கிறது, 1980 வாக்கிலிருந்து. பலகைகளை மைலுக்குத் திருப்பலாம் என்ற பேச்சு பிற்பாடு எழுந்தபோது எதிர்த்தவர்கள் அங்கே கடை வைத்திருப்பவர்கள். சாலையை விட்டு இறங்கும் வழிகளின் எண்கள் கிலோமீட்டர்க் கணக்கில் போட்டவை, விளம்பரங்களிலெல்லாம் அச்சாகிவிட்டவை. மாற்றினால் செலவு அவர்களுடையது. அதே சாலையில் வேக வரம்பு மட்டும் மைலில் இருக்கிறது. அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பலகை சொல்லும், மணிக்கு எத்தனை மைலில் போகலாம் என்று இன்னொரு பலகை சொல்லும். எப்போது போய்ச் சேருவோம் என்பதை ஓட்டுகிறவன் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.