பட்டினி போடுவதா?

தாத்தாவோ பாட்டியோ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், ஒருநாள் டாக்டர் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுவார். பேச்சு ஆங்கிலத்திலோ மலாயிலோதான் இருக்கும். அவர் முடித்ததும் அம்மா, மாமா, பெரியம்மா எல்லாரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? வீட்டில் படித்த இளம்பிள்ளையை. “என்னப்பா சொல்றாரு? தமிழ்ல சொல்லு.”

இருபது வயதில் தலையில் விழும் பெரிய பொறுப்பு அது. பேச்சு மூக்குக் குழாயைப் பற்றியது என்றால் இன்னும் பெரிது. “டியூப் போடலைன்னா பாட்டி பட்டினிதானாம்” என்று நீங்கள் சொல்லிவிட்டால், அதோடு முடிவு எடுத்தாயிற்று. எந்தப் பிள்ளை தாயைப் பட்டினி போடச் சம்மதிக்கும்? அதிலும் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் தண்ணீர்ப் பந்தலில் நின்று, முன்பின் தெரியாதவருக்கெல்லாம் மோரும் சோறும் கொடுக்கிற கூட்டம் நாம்.

ஆனால் ‘பட்டினி’ என்ற அந்தச் சொல் எல்லா இடத்திலும் சரியா?

வார்டில் மிஸிமார் ‘ரைல்ஸ் டியூப்’ என்று சொல்வது இதைத்தான். ஜான் ரைல் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் அது. மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பின் அடி நுனிக்கும் அளந்துகொண்டு, மூக்கு வழியாக வயிறு வரை இறக்குவார்கள். வயிற்றுக்குத்தான் போயிருக்கிறதா என்று, உறிஞ்சி எடுத்த நீரின் புளிப்பைச் சோதனைத் தாளில் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. தவறி நுரையீரலுக்குள் போன குழாயில் பாலை ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் சோதிக்காமல் ஊற்றவே கூடாது. ஊற்றும்போது தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்க வேண்டும்.

இந்தக் குழாய் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் செயலிழந்து போகும். பலருக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ அது திரும்பிவிடும். அதுவரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பது குழாய்தான். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர், குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எல்லாருக்கும் இதே கதைதான். “மூக்குல குழாயா, பாவம், வேணாம்” என்று பக்கவாதம் வந்த சித்தப்பாவுக்கு மறுத்தால், பாசம் என்ற பெயரில் அவருக்குக் கெடுதல் செய்கிறோம். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். மறதி நோய் முற்றிப்போய், பேச்சு நின்று, ஆள் அடையாளம் மறந்து, வாயில் வைத்த கஞ்சியை விழுங்கவும் மறந்துபோன பாட்டி. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இப்படிப்பட்டவர்களுக்குக் குழாயைப் பரிந்துரைக்கவில்லை. கையால் பொறுமையாக ஊட்டச் சொல்கிறது. குழாய் போட்டதால் இவர்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. புரையேறி வரும் நிமோனியாவும் நிற்பதில்லை. வாய் எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறி வருவதும் எப்படியும் நுரையீரலுக்குள் இறங்குமே. போதாததற்கு, குழாய் உறுத்துகிறது என்று பாட்டி பிடுங்குவார். பிடுங்காமலிருக்கக் கைக்கு உறை மாட்டுவோம், சில இடத்தில் கட்டிலோடு கட்டுவோம். அந்தக் கை நம் தலையில் எண்ணெய் வைத்த கை.

பிடுங்குவதை ‘வேண்டாம்’ என்ற பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? மணிப்பூரின் இரோம் சர்மிளாவை நினைத்துப் பாருங்கள். ஆயுதப் படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கினார். அரசு அவர்மேல் தற்கொலை முயற்சி வழக்குப் போட்டு, மூக்குக் குழாயில் உணவு செலுத்தியது. 2016 ஆகஸ்டில் அவராக முடித்துக்கொள்ளும்வரை, ஏறக்குறைய 16 ஆண்டு. அவர் சொன்ன ‘வேண்டாம்’ உலகத்துக்கே புரிந்தது. பாட்டியின் கை சொல்வது அவ்வளவு தெளிவில்லை; வெறும் உறுத்தலாகவும் இருக்கலாம். அதை ஒரு முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அது ஒரு சாட்சி. உறை மாட்டி அதை மூடிவிட்டு, ‘பாட்டி நல்லா இருக்காங்க’ என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை.

சரி, நம் தர்மம் என்ன சொல்கிறது? அன்னத்தைப் பிரம்மம் என்று போற்றும் தைத்திரீய உபநிடதம் நம்முடையது. அதே மரபில்தான் பீஷ்மரும் இருக்கிறார். அம்புப் படுக்கையில் தாகம் எடுத்தபோது அரசர்கள் விதவிதமான உணவும் குடம் குடமாகக் குளிர்ந்த நீரும் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் இனித் தனக்கு உரியதில்லை என்று தள்ளிவிட்டார். அர்ச்சுனன் அம்பால் பூமியைப் பிளந்து வரவழைத்த நீர் மட்டும் போதுமாயிருந்தது. கௌரவர்கள் பிதாமகரைப் பட்டினி போட்டார்கள் என்று யாராவது சொல்கிறோமா? அன்னதானப் பந்தியிலும், சாப்பிட்டவர் இலையை மூடிய பிறகு நாம் பரிமாறுவதில்லை. உடம்பு ஒடுங்கும் காலத்தில் பசியும் ஒடுங்குகிறது. இலையை மூடத் தெரியாத பாட்டிக்காக அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். (வடக்கிருத்தலை இங்கே இழுக்காதீர்கள். அது தெளிந்த மனம் தானே எடுத்த விரதம்.)

இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். குழாயில் பால் ஊற்ற அதிக நேரம் ஆகாது. ஒரு கிண்ணம் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட அரைமணி, சில நாள் ஒரு மணியும் ஆகும். எல்லாரும் வேலைக்குப் போகிற வீட்டில், பணிப்பெண் ஒருத்தியை நம்பி இருக்கிற வீட்டில், யார் ஊட்டுவது? அதனாலேயே குழாய்க்குச் சம்மதித்த குடும்பத்தைப் பாவிகள் என்று நான் சொல்லத் தயாரில்லை. சம்மதிப்பதானால் டாக்டரிடம் ஒரு தவணை கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வாரம் போட்டுப் பார்ப்போம், தேறினாரா என்று உட்கார்ந்து பேசுவோம் என்று. பிறகு எடுக்க நேர்ந்தால், ‘நாமே கொன்னுட்டோமே’ என்ற பாரம் கொஞ்சம் குறையும்.

பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு வைப்பது இன்னும் நல்லது. சிங்கப்பூரில் 1996லிருந்து முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நியாயமான அளவில் உணவும் நீரும் கொடுப்பதை அந்தச் சட்டம் நோவு தணிக்கும் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. கையெழுத்துப் போட்டதோடு குழாய்க் கேள்வி தீர்ந்துவிடாது. வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது கேட்டால் அபசகுனம் என்று திட்டு விழும், விழட்டும்.

டாக்டர் பேசி முடித்து எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, “பாட்டி இனி தேறி வருவாங்களா?” என்று முதலில் அவரிடம் கேளுங்கள். வருவார் என்றால் குழாயை விளக்குங்கள். இல்லை என்றால், “நாமளே கையால ஊட்டலாம்னு சொல்றாரு, எவ்வளவு இறங்குதோ அவ்வளவு” என்று தமிழில் சொல்லுங்கள். பிறகு எப்படி ஊட்டுவது என்று மிஸியிடம் கற்றுக்கொள்ளுங்கள்: நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், கெட்டியாகக் கரைத்த கஞ்சியோ மைலோவோ, ஒரு வாய் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது. மூன்றாவது கரண்டிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளைக்கு அவ்வளவுதான். உதட்டை மட்டும் ஈரத் துணியால் நனைத்துவிடுங்கள்.