தரை இறங்காத விமானம்

ருவாண்டாவில் 2016 அக்டோபரில் தொடங்கிய ஒரு ஏற்பாட்டைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. முஹாங்கா என்ற ஊரில் ஒரு ரத்தக் கிடங்கு. அங்கிருந்து ஆளில்லாத சிறு விமானத்தைக் கவணில் வைத்ததுபோல் விண்ணில் எறிகிறார்கள். அது தானே வழியறிந்து பறந்து, மருத்துவமனைக்கு மேல் தாழ்ந்து, ரத்தப் பை வைத்த பெட்டியைக் காகிதப் பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறது. மலைச்சாலையில் வண்டி மணிக்கணக்கில் சுற்றிவரும் தூரம் அதற்கு நிமிடக்கணக்கு.

அந்த ரத்தம் தேவைப்படுகிறவர்களில் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத பெண்கள் இருக்கிறார்கள். கருப்பை சுருங்காவிட்டால் நல்ல உடல்நிலையில் இருந்தவளும் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். ஆகவே, இயந்திரம் என்றாலே ஆண்களின் விளையாட்டு என்று ஒதுக்கும் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. (நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவள்தான்.) பிழைத்து எழுந்தவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

எனக்கு உறுத்துவது வேறு. இந்த விமானம் அங்கே தரை இறங்குவதில்லை. கொடுக்கும், யாரையும் ஏற்றிக்கொள்ளாது. வலி கண்டவள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எப்படி வருவாள்? மலைக்கிராமங்களில் இங்கோபி என்னும் பின்னல் தூளியில் படுக்கவைத்துத் தோளில் சுமந்து வரும் வழக்கம் உண்டு. எட்டாத இடம் என்கிறோமே, அது கிடங்கில் நிற்பவர் சொல்லும் பெயர். அங்கே குடியிருப்பவளுக்கு அது வீடு. மருத்துவமனைதான் அவளுக்கு எட்டாத இடம்.

அவளைப் புறப்பட வைப்பவள் இன்னொரு பெண். அந்த நாட்டின் கிராமங்களில் தாய்மார் நலனைக் கவனிக்கும் ஒரு சுகாதாரப் பணியாளர் இருக்கிறார். கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பதும், வீடு தேடிப் போவதும், நாள் நெருங்கினால் கிளம்பச் சொல்வதும் அவர் வேலை. தன்னார்வலர் என்று பெயர். மாதச் சம்பளம் கிடையாது, கூட்டுறவு வழியாக வரும் ஊக்கத்தொகைதான். விமானத்தை இயக்கும் ஜிப்லைன் நிறுவனத்துக்கோ அரசு கட்டணம் செலுத்துகிறது. செலுத்தட்டும், அதில் தவறில்லை. நடந்து போகிறவளின் உழைப்பு மட்டும் ஏன் அன்புக் கணக்கில் எழுதப்படுகிறது?

2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. விமானம் வந்தபின் ரத்தம் விரைவாகச் சேர்ந்தது, ஓராண்டில் காலாவதியாகும் ரத்தம் 67 சதவீதம் குறைந்தது என்று அது காட்டியது. பெரிய விஷயம்தான். ஆய்வு அளந்தது கிடங்குக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள நேரத்தை. தூளியில் வந்தவள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.