தன்னைப் புகழ்வது தகுமா?

உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூல் எம்.பி.ஏ. விண்ணப்பதாரர்களிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கட்டுரைக் கேள்வி இது.

அடக்கமே அழகு என்று கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே திணறுகிறார்கள். ‘நான் செய்தேன்’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘நாங்கள் செய்தோம்’ என்று மாற்றுகிறார்கள். தற்புகழ்ச்சி குற்றமென்றால் விண்ணப்பக் கட்டுரையே குற்றமாகிவிடாதா?

13-ஆம் நூற்றாண்டிலேயே இதை யோசித்திருக்கிறார் சமணத் துறவி பவணந்தி. புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ள அவருடைய நன்னூல் நான்கு இடங்களில் இசைவு தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே, அவையில் வாதிட்டு வெல்லவேண்டியபோது, எதிராளி பழிக்கும்போது. முதல் இரண்டும் விண்ணப்பதாரருக்கு அப்படியே பொருந்துகின்றன.

அந்த இசைவு பொய்க்குச் செல்லாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் நேர்காணல் 30 நிமிடம். கேட்பவர் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டே வந்து உட்காருகிறார். ‘குழுவை வழிநடத்தினேன்’ என்ற வரியைக் காட்டி, அன்று மறுத்துப் பேசியது யார், அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டால், உண்மையில் நடந்ததுதான் கைகொடுக்கும்.

அதனால் எழுதத் தொடங்குமுன், தான் செய்ததையும் உடனிருந்தவர்கள் செய்ததையும் ஒரு தாளில் தனித்தனியே குறித்துப் பார்ப்பது நல்லது. அவர்களில் ஒருவரிடமே அதைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.