மீளமைப்பில் விரைவு

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டு, கண்டி நகரமும் ஹந்தானை மலைச்சரிவும் மாலை வேளைகளில் ஒருங்கே இருளில் ஆழ்ந்திருந்த நாட்களிலே, என் வீட்டுச் சேமிப்புக் கணினியில் இருந்த நான்கு வன்வட்டுக்களுள் ஒன்று செயலிழந்தது. அவற்றிலே இருந்தவை உலகத்தார் கண்ணுக்குப் பெருஞ்செல்வங்கள் அல்ல: குடும்பப் புகைப்படங்கள், பழைய காணி உறுதிகளின் பிரதிகள், கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திலே என் பாட்டனார் பாடிய தேவாரங்களை ஒலிநாடாவிலிருந்து மாற்றி வைத்த பதிவுகள். நாடாக்கள் மலைநாட்டின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து முன்னமே அழிந்துபோயின. வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வைக்காதது என் குற்றம்.

அந்நான்கு வட்டுக்களும் ரெயிட் 5 என்னும் முறையிலே பிணைக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையிலே பெயர் பெற்ற இம்முறையின் மர்மத்தை, ஒற்றையா இரட்டையா என்று புளியங்கொட்டை வைத்துக் கேட்கும் நம் சிறுவர் விளையாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். மூவர் தத்தம் கையில் ஒரு கொட்டையை வைத்தோ வையாமலோ மூடிக்கொள்ள, மொத்தம் எப்பொழுதும் இரட்டையாகவே அமையும்படி நான்காமவர் தம் கையை நிரப்பியோ வெறுமையாக்கியோ வைத்துக்கொள்வாராயின், பின்னர் அந்நால்வருள் எவர் எழுந்து போனாலும், எஞ்சிய மூவரின் கைகளை விரித்துப் பார்த்தே, போனவர் கையில் இருந்தது யாதெனச் சொல்லிவிடலாம். போனவரிடம் இருந்தது அம்மூவருள் எவரிடத்தும் தனித்து இல்லை; மூவரும் ஒருங்கு கூடிய உறவிலே மாத்திரம் அது மறைந்து நிற்கிறது.

சைவ சித்தாந்தத்திலே சற்காரியவாதம் படித்தவர்களுக்கு இஃது அந்நியமான எண்ணமாகத் தோன்றாது. காரியம் தோன்றுவதற்கு முன்னரும் காரணத்திலே சூக்குமமாய் இருந்ததே என்பது நம் ஆசாரியர்களின் துணிபு. கண்டி வாவிக்கரையில் தலதா மாளிகையைச் சூழ வாழும் பௌத்தர்களோ, சார்ந்து நிற்கும் நிபந்தனைகளுக்கு வேறாக நிலையான பொருளொன்று இல்லை என்பர். சைவக் குடியிலே பிறந்த எனக்கு, அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்கணினியின் முன் இருந்தபோது, பௌத்தரின் சொல்லே முதலில் நெருக்கமாகப் பட்டதென்பதை மறைக்கமாட்டேன். ஆயினும் அந்த உறவு தானே அமையவில்லை. மொத்தம் இரட்டையாக வேண்டும் என்று இழப்புக்கு முன்னரே ஒருவர் சங்கற்பித்து வைத்ததனாலன்றோ அது அமைந்தது? மண்ணும் திரிகையும் இருக்கக் குயவனும் வேண்டும் என்று சித்தாந்திகள் விடாது வற்புறுத்துவதன் நியாயம் அங்கே எனக்கு விளங்கிற்று.

ரூபாவின் பெறுமதி சரிந்துகொண்டிருந்த அம்மாதத்தில் ஒருவாறு புதுவட்டு ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்திய பின்னர், விரைவு பற்றிய வினா எழுந்தது. எஞ்சிய மூன்று வட்டுக்களையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, காணாமற்போனதைக் கணித்து, நான்காவதில் எழுதி முடிக்கும்வரை, இன்னும் ஒரு வட்டுப் பழுதுபட்டால் யாவும் அழிந்துபோகும். நான் பயன்படுத்தும் லினக்ஸ் முறைமையோ, வேறு வேலைகள் நடந்துகொண்டிருக்கையில் மீளமைப்பானது தாழ்ந்து வழிவிட வேண்டும் என்ற விதியோடு வருவது. அவ்வேளையில் அது உறுதியளிக்கும் குறைந்தபட்ச வேகம் வட்டொன்றுக்கு வினாடிக்கு 1,000 கிலோபைட். உச்ச எல்லை 2,00,000. 4 டெராபைட் வட்டொன்று அந்தக் குறைந்த வேகத்திலே நகருமாயின் 45 நாட்கள், ஏறக்குறைய ஒரு மண்டலம், செல்லும். தடையின்றி ஓடவிட்டால் ஒரே இரவில் முடியும். கீழெல்லையை உயர்த்திவிடு என்பதே அறிந்தவர்கள் கூறும் முதல் யோசனை. பட்டைகளைத் தாங்கும் நினைவக அளவை 256இலிருந்து 8,192 ஆகக் கூட்டுவதும் உண்டு. நான்கு வட்டுக்களுக்கு அதன் விலை 128 மெகாபைட் நினைவகம் மாத்திரமே. இரண்டையும் செய்தேன். எனினும் வீட்டார் படம் பார்த்துக்கொண்டும், கைபேசிகள் தம் படங்களை இறக்கிக்கொண்டும் இருக்கையிலே வேகத்தை உயர்த்துவதென்பது, ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கும் மூன்று முதிய வட்டுக்களைச் சாட்டையால் அடிப்பதற்கு ஒப்பாகும். அவற்றின் முள் இங்குமங்கும் தாவித் தாவியே காலம் கழியும்.

இவ்விடத்திலே ஆகமம் எனக்குத் துணை வந்தது. ஆலயத்தின் மூலஸ்தானத்தைத் திருத்தி அமைக்க வேண்டியபோது, மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ சிறு பிம்பத்திலோ எழுந்தருளச் செய்து பாலஸ்தாபனம் செய்வார்கள். நித்திய பூசை நிற்பதில்லை, ஆனால் சுருங்குகிறது. மகோற்சவம் இல்லை, தேரில்லை, வீதியுலா இல்லை. திருப்பணி நடக்கையிலே இறைவனுக்குரிய உபசாரங்களையே குறைத்துக்கொள்ளலாம் என்று துணிந்த அந்த விதியை, இளமையிலே நான் ஒரு சலுகை என்று எண்ணியிருந்தேன். இப்பொழுதோ, கட்டுகிறவன் கைக்கு அமைதி தருவதே அதன் உள்நோக்கம் என்று படுகிறது. ஆகவே வீட்டாரிடம் சொல்லி, அக்கணினியை நாடும் சகல வேலைகளையும் நிறுத்தினேன். மின்வெட்டு வருமுன் யூ.பி.எஸ். துணையோடு முறையாக அணைத்து, மின்சாரம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரவிட, மூன்று துண்டுகளாக இரண்டு இரவுகளில் அது நிறைவேறியது. வேகம் பெரும்பாலும் அந்த மௌனத்திலிருந்தே வந்தது.

அவ்விரவுகளில் என் மனம் திரும்பத் திரும்ப அளுவிகாரைக்குச் சென்றது. கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில், மாத்தளைக்கு அப்பால், பாறைகளின் இடுக்கிலே உள்ள அவ்விகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயனின் காலத்தே, அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. கொடிய பஞ்சத்திலே ஓதுவோர் மடிந்துகொண்டிருந்தார்கள். பாலி உரைநூலாகிய சமந்தபாசாதிகை ஒரு செய்தி சொல்லும்: மகாநித்தேசம் என்னும் நூலை மனனமாக அறிந்தவர் ஒரே ஒரு துறவியாக எஞ்சினார், அவரோ ஒழுக்கம் கெட்டவரெனப் பேசப்பட்டவர். அவரிடம் பாடங்கேட்க மாட்டேன் என்று மறுத்த மகாரக்கித தேரரை, மூத்த தேரர் ஒருவர் தாம் அருகிருப்பதாக வாக்களித்து இணங்கச் செய்தார். இரவும் பகலும் இடைவிடாது ஓதிக் கற்று, இறுதி நாளிலே அத்துறவியின் கட்டிலின் கீழ் ஒரு பெண் மறைந்திருக்கக் கண்டாராம் மகாரக்கிதர். முன்னரே அறிந்திருந்தால் இவரிடம் கற்றிருக்கமாட்டேன் என்று அவர் வருந்தினார். ஆயினும் மகாரக்கிதரிடமிருந்தே பல தேரர்கள் அந்நூலைக் கற்று நிலைநிறுத்தினார்கள்.

இக்கதையை மறைக்காமல் எழுதி வைத்த உரைகாரரின் நேர்மையை நான் வணங்குகிறேன். பாத்திரம் அசுத்தமானால் அதிலுள்ள தர்மமும் அசுத்தமாகுமா என்பது எளிய வினா அன்று. குருவின் தகுதியைப் பெரிதும் போற்றும் நம் மரபுக்கு அது கடினமானதுங்கூட. மகாரக்கிதரின் அவசரம் அவ்வினாவுக்கு விடை கண்ட பின் பிறந்ததன்று. விடை காணும்வரை அத்துறவி உயிரோடு இருப்பாரோ என்ற அச்சத்திலே பிறந்தது. என் மூன்று வட்டுக்களுள் ஒன்றும் பழுதான பகுதிகளைக் காட்டத் தொடங்கியிருந்தது. அதனிடமும் நான் பாடங்கேட்டேன்.

மீளமைப்பு முடிந்த விடியற்காலையிலே பாட்டனாரின் பதிவொன்றைத் திறந்தேன். பாட்டின் நடுவே அவர் இருமுவதும், யாரோ கதவைச் சாத்துவதும் இருந்தன. அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய வட்டு இன்னும் என்னிடமே இருக்கிறது. பின்னமடைந்த மூர்த்தியை ஆழ்ந்த நீரிலே சேர்ப்பது முறை. புதுவட்டிலே வந்து சேர்ந்தது அதே குரலாயின் பழையதிலே கிடப்பது வெறும் சடமே. அங்ஙனமன்றி அக்குரலின் ஒரு பங்கு இன்னும் அங்கேயே இருக்கிறதாயின், இங்கே கேட்பது எது? சித்தாந்தம் அறிந்த பெரியவர் ஒருவரிடமும், தெரிந்த பிக்கு ஒருவரிடமும் இதைக் கேட்டேன்; இருவரும் சிறிது மௌனம் சாதித்துப் பின் வெவ்வேறு விடை கூறினார்கள். வட்டினை வெள்ளைத் துணியிலே சுற்றி, சுவாமிப் படத்துக்குக் கீழுள்ள மாடத்தில் வைத்திருக்கிறேன்.